நின்றுகொண்டிருந்த லாரி

லாரி விபத்து என்றதும் எல்லோரும் வேகத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். இருபத்தாறு ஆண்டுகள் ஸ்டியரிங் பிடித்தவன் நான். வேகமாகவும் ஓட்டியிருக்கிறேன், மறைக்கவில்லை. ஆனால் என் லாரி ஓர் உயிரைப் பறித்த இரவில் அது ஓடவே இல்லை. கைப்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுத்து, சாலை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தது.

2011, ஐப்பசி. குறுவை அறுவடையின் கடைசி நாட்கள். வானம் மூடியே கிடந்தது. கொரடாச்சேரி பக்கத்தில் ஒரு கொள்முதல் நிலையத்தில் நெல் ஏற்றித் தஞ்சாவூர்க் கிடங்கில் இறக்க வேண்டும். ஆறு சக்கர வண்டி. மூட்டை ஒன்று 40 கிலோ. முறைப்படி ஏற்றினால் 250 மூட்டை, பத்து டன். ஏறியது 400 மூட்டை. "மழை வந்தால் எல்லாம் முளைத்துவிடும் அண்ணே, நாளைக்கு லாரி வருமோ வராதோ" என்றார் சுமை தூக்கும் மேஸ்திரி. அவர் சொன்னதில் பொய் இல்லை. நெல் நனைந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டு எங்கள் பக்கத்துக்காரன் எவனாலும் சும்மா இருக்க முடியாது. டன் கணக்கில் வாடகை வாங்கும் முதலாளிக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. எனக்கும் பேட்டா கொஞ்சம் கூடுதல்.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் முக்கால் மணி நேரம் நின்றோம். கேட் திறந்து கோவில்வெண்ணியை நோக்கிப் போகும்போது பின்பக்கத்தில் 'டங்' என்று ஒரு சத்தம். ஆக்சில் துண்டாகிவிட்டது. இன்ஜின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை. மணி பத்தரை.

இந்த இடத்தில் டெல்டாச் சாலையைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பழுதான லாரியைத் தாரை விட்டு முழுவதும் கீழே இறக்கி நிறுத்தவேண்டியதுதானே என்று கேட்பார்கள். எங்கள் சாலைகள் பாதிக்கு மேல் வாய்க்கால் கரையை ஒட்டிப் போகிறவை. தார் முடிந்தால் களிமண், களிமண் முடிந்தால் தண்ணீர். ஐப்பசி மழையில் ஊறிய அந்த மண்ணில் பாரம் ஏற்றிய சக்கரம் இறங்கினால் வண்டி அப்படியே சாய்ந்து வாய்க்காலுக்குள் படுத்துவிடும். அதனால் ஓட்டுநர் இடச்சக்கரத்தை மண்ணின் விளிம்பிலும் வலச்சக்கரத்தைத் தாரின் மேலும் வைத்து நிறுத்துவார். எனக்கோ அதற்குக்கூட வாய்ப்பில்லை. சத்தம் கேட்டதும் ஓட்டத்தின் மிச்சத்தில் எவ்வளவு ஒதுக்க முடிந்ததோ அவ்வளவுதான் ஒதுக்கினேன். லாரியில் முக்கால் பங்கு தாரின் மேல் நின்றது.

கிளீனரை ஒரு டிராக்டரில் ஏற்றி மெக்கானிக்கை அழைத்து வர நீடாமங்கலத்துக்கு அனுப்பினேன். பின்விளக்குகளில் ஒன்று பல நாட்களாக எரியவில்லை. எரிந்த மற்றொன்றையும் நான்தான் அணைத்தேன். பேட்டரி பழையது, விடியும்வரை விளக்கு எரிந்தால் காலையில் இன்ஜின் எடுக்காது என்பது என் கவலை. பிறகு எல்லா லாரிக்காரனும் செய்வதைச் செய்தேன். வாய்க்கால் ஓரத்தில் நெய்வேலிக் காட்டாமணக்கு புதராக வளர்ந்திருந்தது. நான்கு கொப்பு ஒடித்து லாரியின் பின்னால் செருகினேன். பன்னிரண்டு எட்டு தள்ளி மூன்று கற்களை வைத்தேன். கடமை முடிந்தது என்று கேபினில் ஏறிப் படுத்துக்கொண்டேன்.

பதினொன்றரை இருக்கும். எதிரே தஞ்சாவூரிலிருந்து ஒரு பஸ் முழு வெளிச்சத்தோடு வந்தது. அந்த ஒளி கேபின் முழுவதும் பாய்ந்ததால் கண்ணைத் திறந்தேன். பஸ் கடந்த அதே நொடியில் பின்னால் இடி விழுந்ததுபோல் ஒரு சத்தம். பதினாறு டன் பாரம் ஏற்றிய வண்டி சிறிதாகக்கூட அசையவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தேன். மோட்டார் சைக்கிள் பாதி லாரிக்கு அடியில் இருந்தது. அதன் முன்விளக்கு அணையாமல் எரிந்து, நான் ஒரு விளக்கும் போடாமல் விட்ட பின்புறத்தை, நம்பர் பலகை உட்பட, பளிச்சென்று காட்டிக்கொண்டிருந்தது. பையனுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கலாம்.

அடுத்ததை எழுத எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. நான் ஓடினேன். வயலில் இறங்கி, அறுத்த தாளின் மேல் விழுந்து எழுந்து ஓடினேன். இருநூறு அடி தள்ளி வரப்பில் உட்கார்ந்து, பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கிக் கூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் காவல் நிலையத்துக்குப் போனபோதுதான் அவன் அந்த இடத்திலேயே இறக்கவில்லை, தஞ்சாவூர் போகும் வழியில் இறந்தான் என்று தெரிந்தது.

வழக்கு ஆறு ஆண்டுகள் நடந்தது. நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் என்னிடம் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றும் ஒரு பாடம். "கற்களை எவ்வளவு தூரத்தில் வைத்தீர்கள்?" பன்னிரண்டு எட்டு என்றேன். அவர் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். மணிக்கு 60 கிலோமீட்டரில் வருகிற பைக் ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் போகிறது. என் பன்னிரண்டு எட்டு ஒன்பது மீட்டர்கூட இல்லை. கல்லைப் பார்த்ததிலிருந்து லாரியில் மோதும்வரை அவனுக்கு நான் கொடுத்த நேரம் அரை நொடி. மனிதன் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கை வைக்கவே ஒன்று, ஒன்றரை நொடி ஆகும். அதற்குள் 25 மீட்டர் போய்விடும். பிறகு வண்டி நிற்க இன்னும் இருபது மீட்டருக்கு மேல் வேண்டும். எதிரே வந்த பஸ்ஸின் ஒளி கண்ணில் அடித்து, அது கடந்தபின் சில நொடிகள் எல்லாம் கறுப்பாகத் தெரியும். அந்தக் கறுப்புக்குள்தான் என் லாரி நின்றது.

தீர்ப்பாயம் இரு தரப்பிலும் தவறு என்று சொல்லிப் பெரும்பங்கை எங்கள் பக்கம் வைத்தது. சரியான தீர்ப்புதான். என்னைக் கேட்டிருந்தால் மேஸ்திரிக்கும் முதலாளிக்கும் எனக்குமாக அந்தப் பங்கை இன்னும் பிரித்திருப்பேன். 400 மூட்டைக்குப் பதில் 250 ஏற்றியிருந்தால் ஆக்சில் முறிந்திருக்காது. கொரடாச்சேரியில் மாலை நான்கு மணிக்குத் தொடங்கியதுதான் கோவில்வெண்ணிக்கு முன்னால் நள்ளிரவில் முடிந்தது. அன்றைக்கு அதிக பாரத்துக்கு அபராதம் 2,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 1,000. பிடிபட்டாலும் கட்டிவிட்டுப் போகலாம் என்று தோன்றும் தொகை. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அது 20,000 ரூபாய், டன்னுக்கு 2,000. இப்போது முதலாளிகள் கொஞ்சம் யோசிக்கிறார்கள். கொஞ்சம்தான்.

இன்று என்னிடம் இரண்டு லாரிகள் இருக்கின்றன. நான் முதலாளி ஆனதும் முதலில் செய்தது பின்பக்கக் காப்புக் கம்பியைச் சரிசெய்ததுதான். லாரியின் பின்னால் கீழே குறுக்காக ஒரு கம்பி இருக்கிறதே, அது அழகுக்கு அல்ல. மோதுகிற பைக்கும் காரும் பாடிக்கு அடியில் நுழைந்து, ஓட்டுபவரின் தலையும் மார்பும் பாடியின் விளிம்பில் அடிபடாமல் தடுக்க வைத்தது. காலி வண்டியில் தரையிலிருந்து 550 மில்லிமீட்டருக்கு மேல் அது இருக்கக் கூடாது. ஆனால் கிடங்கு மேடையிலும் வயல் கரையிலும் ரிவர்ஸ் எடுக்கும்போது அது இடித்து வளைகிறது. வளைந்ததும் பட்டறையில் கொடுத்து அறுத்து எறிந்துவிடுகிறார்கள். எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) வரும்போது யாரிடமாவது இரவல் கம்பி வாங்கிப் பற்றவைத்து, பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டிவிட்டு, திரும்பி வந்து மறுபடி அறுக்கிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அந்த இரவில் நின்ற என் பழைய லாரியில் அது இல்லை.

ஒளிரும் பட்டையும் அப்படித்தான். முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு. மலிவான பட்டை பகலில் பளபளக்கும், இரவில் செத்துவிடும். சோதிக்க ஒரு வழி: இருட்டில் நூறு அடி தள்ளி நின்று செல்பேசி டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து அடித்துப் பாருங்கள். நெருப்பாகத் திரும்ப ஒளிர வேண்டும். மங்கலாகத் தெரிந்தால் கிழித்துப் போடுங்கள். நல்ல பட்டையாக இருந்தாலும் நடவுக் காலத்துச் சேறு அப்பியிருந்தால் பயன் இல்லை. என் ஓட்டுநர்கள் சாவி வாங்கும்போது ஈரத்துணியால் பின்புறத்தைத் துடைத்துவிட்டுத்தான் ஏறவேண்டும். முதலில் முணுமுணுத்தார்கள், இப்போது பழகிவிட்டது.

என் வண்டி ஒவ்வொன்றிலும் முக்கோண எச்சரிக்கைப் பலகை இரண்டு இருக்கிறது. வண்டி நின்றால் முதல் பலகை எழுபது எட்டு தள்ளிப் போகவேண்டும். வளைவு இருந்தால் வளைவுக்கு முன்னால், பாலம் இருந்தால் பாலத்துக்கு அந்தப் பக்கம். பேட்டரி போனால் போகட்டும், விளக்குகள் எரிய வேண்டும். கேபினில் யாரும் படுக்கக் கூடாது. பின்னால் வந்து மோதுவது இன்னொரு லாரியாக இருந்தால் படுத்திருப்பவனும் போய்விடுவான். கல் வைக்கவே கூடாது என்பது என் கட்சி. லாரி காலையில் பழுது நீங்கிப் போய்விடும், கல் அங்கேயே கிடக்கும், அடுத்த இரவில் ஒரு ஸ்கூட்டர்க்காரர் அதில் ஏறி விழுவார்.

பைக்கில் போகிறவர்களுக்கும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். எதிர் வெளிச்சம் கண்ணில் அடிக்கும்போது ஆக்சிலேட்டரைத் தளர்த்துங்கள். அந்த ஒளியைப் பார்க்காமல் இடப்பக்கத் தார் விளிம்பைப் பாருங்கள். டிம் வெளிச்சம் முப்பது, நாற்பது மீட்டருக்குத்தான் போகும். அதற்குள் நிறுத்த முடியாத வேகம் இரவுக்கு ஏற்றதல்ல. அறுவடைக் காலத்தில் எங்கள் சாலையில் இருட்டோடு இருட்டாக நிற்பது லாரி மட்டும் இல்லை. பின்விளக்கே இல்லாத டிராக்டர் டிரெய்லர், சாலையின் பாதியை அடைத்துக்கொண்டு போகும் அறுவடை இயந்திரம், காயப்போட்ட நெல், அந்த நெல்லுக்குக் காவலாக வரிசையாக வைத்த கல், எல்லாம் உண்டு.

ஓடுகிற லாரியில் எனக்கு மிகவும் பயம் தருவது இடப்பக்கம். பழைய நாளில் கிளீனர் அங்கே உட்கார்ந்திருப்பான். கையை வெளியே விட்டுக் கதவில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்த வேண்டும், இரண்டு தட்டினால் போகலாம். இப்போது சம்பளத்தை மிச்சம் பிடிக்கக் கிளீனரே இல்லாமல் ஓட்டுகிறார்கள். லாரிக்கு இடது கண் போய்விட்டது. கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ குறுகலான தெருவில் இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால், லாரி முதலில் சற்று வலப்பக்கம் ஒதுங்கித்தான் திரும்ப முடியும். பின்னால் வருகிற ஸ்கூட்டருக்கு லாரி வலப்பக்கம் போவதுபோல் தெரியும்; இடப்பக்கத்தில் வழி கிடைத்ததென்று நுழைந்துவிடும். திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன வழியில் போகாது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். ஸ்கூட்டர் அங்கே இருக்கும். ஓட்டுநருக்குத் தெரியவே தெரியாது, தெருவில் அலறல் கேட்ட பிறகுதான் தெரியும். அத்தனை அருகில் ஒருவர் இருப்பதை எந்தக் கண்ணாடியும் முழுதாகக் காட்டாது. எளிய கணக்கு ஒன்று உண்டு: லாரியின் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அவருக்கு நீங்கள் தெரியவில்லை. நின்று, லாரி திரும்பி முடித்த பிறகு போங்கள். என் இரண்டு வண்டியிலும் கிளீனர் உண்டு. லாபம் குறைவுதான்.

நேருக்கு நேர் மோதுவது பற்றி நீடாமங்கலம் கேட்டில் நின்றவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சரக்கு ரயில் பெட்டிகளைக் கோத்துக் கழற்றி முடிப்பதற்குள் இரண்டு பக்கமும் கிலோமீட்டர் கணக்கில் வண்டிகள் நின்றுவிடும். கேட் திறந்ததும் இழந்த முக்கால் மணி நேரத்தை ஐந்து நிமிடத்தில் மீட்கப் பார்ப்பார்கள். முன்னால் மெதுவாகப் போகும் வைக்கோல் லாரியை முந்தலாம் என்று வெளியே வந்தால் எதிரே அதே அவசரத்தில் இன்னொருவர். ஒதுங்க இடம் கிடையாது. ஒரு பக்கம் மதகுச் சுவர், மறுபக்கம் தண்ணீர்.

தூக்கம் தனிக் கதை. ஓட்டுநர் பேராசையால் கண்விழித்து ஓட்டுகிறார் என்று எழுதுகிறார்கள். கிடங்கு வாசலில் வரிசையில் நிற்பதை யாரும் எழுதுவதில்லை. நெல் மும்முரத்தில் இரண்டு நாள்கூட நிற்க நேரும். அரை மணிக்கு ஒரு தடவை வண்டியைப் பத்தடி நகர்த்த வேண்டும், படுத்தால் இடம் போய்விடும். இறக்கி முடிந்ததும் உடனே அடுத்த லோடு. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு என்று சொல்லியிருந்தது. வரிசையில் நிற்பதை யாரும் வேலை என்று எண்ணுவதில்லை, அதுதான் சிக்கல்.

ஒருமுறை ஆவணி மாதம், வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு முந்திய நாட்கள். விடியற்காலை நான்கு மணி. செங்கிப்பட்டியைத் தாண்டி வல்லத்தை நோக்கி வருகிறேன். டீ குடித்து இருபது நிமிடம் ஆகவில்லை. சக்கரத்தின் கீழ் ஜல்லி நொறுங்கும் சத்தத்தில்தான் விழித்தேன். வண்டி சாலை ஓரத்தில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் காவி உடுத்திய பாதயாத்திரைக்காரர்கள் சிறு தேர் ஒன்றைத் தள்ளிக்கொண்டு பாடிக்கொண்டே போனார்கள். தேரில் கட்டிய சீரியல் விளக்கு மட்டும் இல்லாதிருந்தால் நான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், அவர்களில் சிலரும் ஊர் திரும்பியிருக்க மாட்டார்கள். இரவு இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை உடம்பு தூக்கத்தை வட்டியோடு வசூலிக்கும். டீயும் வெற்றிலையும் பாட்டும் அதை ஏமாற்றாது. கண் எரிந்து, கடந்து வந்த ஊர் நினைவில்லை என்றால், பெட்ரோல் பங்க்கில் ஓரங்கட்டி இருபது நிமிடம் தூங்குவதுதான் மருந்து. நடப்பவர்களும் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலப்புறமாக நடந்து, கூட்டத்தின் முன்னாலும் பின்னாலும் மின்னும் விளக்கோடு ஒவ்வொரு ஆளை விட்டால் நல்லது.

மூட்டை மேல் ஆள் ஏற்றுவதை நான் விட்டுவிட்டேன். கரைச் சாலையில் மண் சரிந்து லாரி கவிழ்ந்தால் கேபினில் இருப்பவன் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வான். மேலே உட்கார்ந்து வந்த சுமைக்காரர்கள்தான் மூட்டைகளுக்கு அடியில் போய்விடுவார்கள். சரக்கு வண்டியில் சும்மா ஏறி வந்தவருக்குக் காப்பீட்டிலும் கை விரித்துவிடுவார்கள். வைக்கோல் லாரி மின்கம்பியில் உரசினால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கக் கூடாது. தீப்பிடிக்காதவரை உள்ளேயே இருந்து கம்பியில் மின்சாரத்தை நிறுத்தச் சொல்ல வேண்டும். தீப்பிடித்துவிட்டால் இரண்டு காலையும் சேர்த்து வண்டியைத் தொடாமல் குதிக்க வேண்டும். வெளியே நிற்பவர் லாரியைத் தொடவே கூடாது.

விபத்து நடந்த இரவில் நான் வயலில் இறங்கி ஓடிய அந்த ஓட்டத்துக்கு மறுபடி வருகிறேன். கூடுகிறவர்கள் அடித்தே கொன்றுவிடுவார்கள் என்ற பயம் பொய்யான பயம் அல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவே, கூட்டத்தின் ஆத்திரத்தால் முடியாமல் போனாலன்றி அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் கடமை என்கிறது. விபத்தைச் சொல்லாமல் ஓடினால் பத்து ஆண்டு வரை சிறை என்ற புதிய தண்டனைச் சட்டப் பிரிவை எதிர்த்து 2024 ஜனவரியில் வடக்கே லாரிகள் நின்றன. அந்தப் பிரிவு இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. எங்கள் சங்கத்தில் அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது நான் ஒன்றுதான் சொன்னேன். ஓடுகிறவன் ஓடட்டும், ஆனால் கையில் போன் இருக்கிறது. வரப்பில் உட்கார்ந்து 108-ஐ அழைக்க யாரும் தடுக்கவில்லை. என் சட்டைப் பையிலும் அன்று போன் இருந்தது.

வேடிக்கை பார்ப்பவர்களுக்கும் இப்போது சாக்கு இல்லை. அடிபட்டவரைத் தூக்கிப் போகிறவரைச் சாட்சியாக வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை செலவை ஒரு வரம்பு வரை அரசு ஏற்கிறது, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும்கூட. பணம் யார் கட்டுவது என்று யோசித்து நிற்க வேண்டாம்.

போன மாதம் ஓர் இரவு பைக்கில் சாலியமங்கலத்திலிருந்து வந்துகொண்டிருந்தேன். அம்மாபேட்டை தாண்டி ஒரு டாரஸ் லாரி, பாதி தாரில், விளக்கில்லாமல் நின்றது. பின்னால் அதே காட்டாமணக்குக் கொப்பு, அதே பத்துப் பன்னிரண்டு எட்டில் நான்கு கற்கள். கேபினைத் தட்டினேன். என் மகன் வயதில் ஒரு பையன் எட்டிப் பார்த்தான்.

"லைட்டைப் போடு தம்பி."

"பேட்டரி இறங்கிவிடும் அண்ணே. காலையில் மெக்கானிக் வந்துவிடுவார்."

நான் வேறொன்றும் பேசவில்லை. பைக் பெட்டியில் எப்போதும் ஒரு மடக்கு முக்கோணம் வைத்திருப்பேன். எழுபது எட்டு எண்ணி நடந்து போய் அதை வைத்தேன். திரும்பி வருவதற்குள் அவன் இண்டிகேட்டர்களை மின்ன விட்டிருந்தான்.

மறுநாள் மதியம் அந்த வழியாக வந்தபோது லாரி இல்லை. முக்கோணமும் இல்லை, எடுத்துப் போயிருப்பான், போகட்டும். நான்கு கற்களும் தாரின் மேல் அப்படியே கிடந்தன. இறங்கி ஒவ்வொன்றாக உருட்டி வாய்க்காலில் தள்ளினேன்.